ஸ்னோபோர்டு கருவிகள்: நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புவோருக்கு

ஸ்னோபோர்டு என்பது பனி மூடிய மலைச்சரிவில் நின்றபடியே சறுக்கி இறங்கப் பயன்படும் அகலமான ஒற்றைப் பலகை ஆகும். விளையாடுபவரின் இரு பாதங்களும் இதே பலகையின் மேல், பக்கவாட்டாகத் திரும்பிய நிலையில் பிணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு காலிலும் தனித்தனி நீள்பலகையைக் கட்டிக்கொண்டு, கைகளில் ஊன்றுகோல்களுடன் இறங்கும் பனிச்சறுக்கு விளையாட்டிலிருந்து இது வேறுபட்டது.

1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் இரண்டு சறுக்குப் பலகைகளை ஒன்றாக இணைத்துத் தம் மகள்களுக்காக ஒரு விளையாட்டுப் பொருளைச் செய்தார். ஸ்னர்ஃபர் என்று பெயர்பெற்ற அதுவே இன்றைய பலகையின் முன்னோடி. 1977இல் ஜேக் பர்ட்டன் வெர்மான்ட் மாநிலத்தில் பலகைத் தயாரிப்பைத் தொடங்கினார். 1998ஆம் ஆண்டு ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

இளமையில் இவ்விளையாட்டைப் பழகி, படிப்பு, வேலை, குடும்பம் காரணமாகப் பத்து பதினைந்து ஆண்டுகள் விட்டுவிட்டு மீண்டும் தொடங்குவோர் பலர். அவர்கள் எந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழிக்க வேண்டும், புதிதாக வாங்குவதில் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழரும் பனிச்சறுக்கும்

தமிழ்நாட்டில் பனிச்சறுக்குக்கு ஏற்ற பனிப்பொழிவு கிடையாது. பிளவக்கல் அணைக்கு மேலே எழும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையும் மூடுபனியும் உண்டு. உறைபனி படிந்து சறுக்கும் சரிவு இல்லை. ஆயினும் இவ்விளையாட்டு தமிழர்க்கு முற்றிலும் அயலானது அன்று. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து பெருமளவில் புலம்பெயர்ந்த தமிழர்கள் சுவிட்சர்லாந்து, நார்வே, கனடா ஆகிய பனிநாடுகளில் குடியேறினர். சுவிட்சர்லாந்தில் பள்ளி மாணவர்களைக் குளிர்காலத்தில் மலைக்கு அழைத்துச் சென்று சறுக்கப் பழக்கும் முகாம்கள் நீண்டகால வழக்கம். அங்குப் பழகிய பிள்ளைகள் இன்று தம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் வயதை எட்டியுள்ளனர்.

இந்தியாவிற்குள் இவ்விளையாட்டுக்குரிய இடங்கள் இமயமலையில் உள்ளன. காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் அவ்லி, இமாச்சலப் பிரதேசத்தின் சோலாங், நார்கண்டா ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் 2020ஆம் ஆண்டு தொடங்கின. ஸ்னோபோர்டும் அவற்றுள் ஒன்று. வெளிநாட்டில் பணியாற்றியபோது பழகிவிட்டுத் தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு மீண்டும் பலகையில் ஏற அருகிலுள்ள வாய்ப்பு இவ்விடங்களே.

இடைவெளியில் மாறுபவை

திரும்பி வருபவர் முதலில் உணர வேண்டியவை மூன்று மாற்றங்கள்.

முதலாவது, உடல். இருபது வயதில் 60 கிலோ எடையுடன் இருந்தவர் நாற்பது வயதில் 78 கிலோ இருக்கலாம். 60 கிலோவுக்கென வாங்கிய பலகை 78 கிலோவைத் தாங்கும்போது கூடுதலாக வளையும், வேகத்தில் நடுங்கும். வயது ஏற ஏறப் பாதமும் சற்று நீண்டு அகலமாவதுண்டு.

இரண்டாவது, கருவியின் பொருள். நெகிழி, பசை, நுரை ஆகியவை பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் முதுமை அடையும். வெளித்தோற்றம் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

மூன்றாவது, தொழில்நுட்பம். பலகையின் வடிவம், பிணைப்பியின் அமைப்பு, காலணியை இறுக்கும் முறை ஆகிய யாவும் மாறியுள்ளன. பழைய பாகமும் புதிய பாகமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம்.

இவற்றுள் ஆபத்தானது இரண்டாவது மாற்றமே. எடை கூடியதும் காலணி கடிப்பதும் அணிந்தவுடன் தெரியும். பசை விட்டுப்போனது சரிவின் நடுவில்தான் தெரியும்.

பழைய கருவிகளைச் சோதித்தல்

பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த ஷூவை எடுத்து அணிந்தால், முதல் நாள் நடையிலேயே அதன் அடிப்பாகம் பிளந்து வருவதைப் பலரும் கண்டிருப்பர். அடிப்பாகத்தில் பயன்படும் பாலியூரித்தேன் என்னும் பொருள் காற்றிலுள்ள ஈரத்துடன் மெல்ல வினைபுரிந்து சிதைவதே இதற்குக் காரணம். வெப்பம் இச்சிதைவை விரைவுபடுத்தும். எனவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற வெயில் மிகுந்த ஊர்களில் ஓட்டுக்கூரையின் கீழ்ப் பரணில் வைக்கப்பட்ட காலணி, குளிர்ந்த நாட்டில் அலமாரியில் இருந்ததைவிட விரைவாகக் கெடும்.

காலணியின் அடிப்பாகத்தை இரு கைகளாலும் வளைத்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு, பொடி உதிர்தல், ஓரத்தில் பசை விடுதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அதைக் கழித்துவிட வேண்டும். பிணைப்பியின் பட்டைகளை மடக்கினால் வெண்கோடு விழுகிறதா, பல்லுப் பட்டை பூட்டில் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். நெகிழி குளிரில் மேலும் விறைத்து எளிதில் முறியும். வீட்டு வெப்பத்தில் தாங்கிய பட்டை சுழியத்துக்குக் கீழே தாங்கும் என்று நம்ப இயலாது.

பலகையைப் பொறுத்தவரை மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். ஓரத்தில் மேலடுக்கும் உள்மரமும் பிரிந்துள்ளனவா? உலோக விளிம்பில் வெடிப்போ, அடிப்பரப்பை விட்டு விலகலோ உள்ளதா? திருகாணி இறங்கும் துளைகளின் மரை தேய்ந்துள்ளதா? மூன்றும் நன்றாக இருந்தால் பலகையைப் பயன்படுத்தலாம். விளிம்பில் மேலாகப் படிந்த துருவை அரத்தால் நீக்கிவிடலாம். உலர்ந்து வெளுத்த அடிப்பரப்புக்கு உருக்கிய மெழுகைப் பூசித் தேய்த்தால் மீண்டும் வழுக்கும் தன்மை வரும். நல்ல முறையில் வைக்கப்பட்ட பலகை, காலணியையும் தலைக்கவசத்தையும்விட நீண்ட நாள் உழைக்கும்.

காலணி: முதல் செலவு

கடைக்குச் செல்பவரின் கண் முதலில் வண்ணம் தீட்டிய பலகையின் மேல் விழும். ஆனால் காலணியே முதலில் வாங்கத்தக்கது. பலகையைத் திருப்புவது பாதத்தின் அசைவு. குதிகால் காலணிக்குள் மேலெழுந்தால் அந்த அசைவு பலகையைச் சென்று சேராது. அதை ஈடுகட்ட விரல்களை இறுக்கிப் பிடிப்பதால் பாதம் வலிக்கும். விலையுயர்ந்த பலகையும் தளர்ந்த காலணிக்கு ஈடு செய்யாது.

இக்காலணியின் அளவு பெரும்பாலும் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரிலோ மில்லிமீட்டரிலோ குறிக்கும் மாண்டோபாயின்ட் முறையில் தரப்படும். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, நீண்ட விரலின் நுனிவரை அளக்க வேண்டும். இரு பாதங்களையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்நேரத்தில் அளப்பது நல்லது.

அணிந்து நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலெழக் கூடாது. அன்றாடக் காலணிபோல் முன்னால் ஒரு விரற்கடை இடம் விட்டு வாங்குவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. உள்ளுறையின் நுரை சில நாள் பயன்பாட்டில் அமுங்கித் தானாகவே இடம் தரும். பல காலணிகளின் உள்ளுறையைச் சூடாக்கிப் பாதத்தின் வடிவத்துக்குப் பதியவைக்கவும் முடியும். கடையில் பதினைந்து இருபது நிமிடங்கள் அணிந்தபடியே நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். இரண்டு காலுறை அணிவதும் தவறு. மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்று போதும்.

இறுக்கும் முறையில் சாதாரணக் கயிறு, இழுத்துப் பூட்டும் கயிறு, திருகு குமிழ் என மூன்று வகை உண்டு. போவா எனப்படும் குமிழ் முறை 2001இல் ஸ்னோபோர்டு காலணிகளில் அறிமுகமானது. குமிழைச் சுழற்றினால் மெல்லிய கம்பி இறுகும். விரலில் வலுக் குறைந்தவர்க்கும் கையுறையைக் கழற்ற விரும்பாதவர்க்கும் இது உதவும்.

காலணியின் விறைப்பு பெரும்பாலும் 1 முதல் 10 வரையான எண்ணால் குறிக்கப்படும். இந்த எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பொதுவான தரம் எதுவும் இல்லை. திரும்பி வருபவர்க்கு நடுத்தர விறைப்பும் அதற்குச் சற்றுக் குறைந்ததும் ஏற்றவை. மிக விறைப்பான காலணி சிறு பிழையையும் பெரிதாக்கும்.

பிணைப்பி

பிணைப்பி என்பது காலணியைப் பலகையுடன் இணைக்கும் கருவி. பைண்டிங் என்றும் வழங்கும். கணுக்காலுக்கு ஒன்றும் விரற்பகுதிக்கு ஒன்றுமாக இரு பட்டைகள் கொண்டதே இன்றும் மிகுதியாகப் பயன்படும் வகை. பின்புறத் தாங்கியைச் சாய்த்துக் காலை நுழைக்கும் வகையும் உண்டு.

மிதித்தவுடன் பூட்டிக்கொள்ளும் வகை 1990களின் பிற்பகுதியில் பரவிப் பின் மறைந்தது. அக்காலத்துப் பிணைப்பியை வைத்திருப்பவர்க்கு மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. 2017இல் பர்ட்டன் நிறுவனம் ஸ்டெப் ஆன் என்ற பெயரில் புதிய மிதிபூட்டு முறையைக் கொண்டுவந்தது. குனிந்து உட்கார்ந்து பட்டை கட்ட வேண்டியதில்லை என்பதால் முதுகுவலி, முழங்கால் வலி உடையவர்கள் இதை விரும்புகின்றனர். ஆனால் இம்முறைக்கென்றே செய்த காலணி மட்டுமே இதில் பூட்டும். எனவே இவ்வகையை விரும்புவோர் காலணியையும் பிணைப்பியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிணைப்பி பலகையில் பொருந்தும் முறையையும் கவனிக்க வேண்டும். நான்கு துளைகள் 4 செ.மீ. இடைவெளியில் சதுரமாக அமைந்தவை, நீளவாக்கில் 2 செ.மீ. இடைவெளி கொண்டவை, பழைய பர்ட்டன் பலகைகளின் முக்கோணத் துளைகள், நடுவில் நீண்ட காடி கொண்டவை எனப் பல முறைகள் உள்ளன. பழைய பலகைக்குப் புதிய பிணைப்பி வாங்குபவர், பலகையின் துளை அமைப்பைப் படம் எடுத்துச் சென்று கடையில் காட்டுவது வீண்செலவைத் தவிர்க்கும்.

பலகை

பலகையின் நீளம் நிற்கும்போது தாடைக்கும் மூக்குக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இன்று உயரத்தைவிட உடல் எடையே முதன்மையான அளவாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு பலகைக்கும் உரிய எடை வரம்பைத் தயாரிப்பாளர் பட்டியலாகத் தருகின்றனர். கனமான உடைகளோடு அணியும் எடையையும் மனத்தில் கொண்டு அந்த வரம்பின் நடுவில் அமையுமாறு தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது அகலம். காலணியின் நுனியும் குதியும் பலகையின் ஓரத்தைத் தாண்டி அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால், சாய்ந்து திரும்பும்போது அவை பனியில் உரசி ஆளை விழச்செய்யும். பெரிய பாதம் உடையவர்க்கென அகலப் பலகைகள் தனியே உள்ளன. காலணியை முதலில் வாங்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். காலணியின் அளவு தெரியாமல் பலகையின் அகலத்தை முடிவு செய்ய இயலாது.

திரும்பி வருபவரைப் பெரிதும் வியக்கவைப்பது பலகையின் வளைவு. 2000களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பலகைகள் கேம்பர் என்ற வளைவுடன் இருந்தன. தரையில் வைத்தால் வில்போல் நடுப்பகுதி மேலெழுந்து, இரு முனைப்பகுதிகளில் மட்டும் தரையைத் தொடும். ஆள் ஏறியதும் விளிம்பு முழுவதும் பனியில் அழுந்தும். இறுகிய பனியில் நல்ல பிடிப்புத் தருவது இது. ஆனால் விளிம்பு எதிர்பாராமல் பனியில் சிக்கி வீழ்த்துவதும் இதில் மிகுதி. பிறகு வந்த ராக்கர், தோணியின் அடிபோல் முனைகள் மேல்நோக்கி வளைந்தது. இது விளிம்பு சிக்குவதைக் குறைத்து, ஆழமான புதுப்பனியில் மிதக்க உதவும். இறுகிய பனியில் பிடிப்புச் சற்றுக் குறையும். இரண்டையும் கலந்த கலப்பு வகைகளும் சமதள வகையும் இன்று கிடைக்கின்றன. நடுவில் கேம்பரும் முனைகளில் ராக்கரும் கொண்ட கலப்பு வகை, பழைய பழக்கத்தையும் விடாமல் பிழையையும் பொறுத்துக்கொள்வதால் மீண்டும் தொடங்குவோர்க்கு ஏற்றது.

தலை, மணிக்கட்டு, கண்

பழைய தலைக்கவசத்தை மீண்டும் அணிவது பொய்யான துணிவைத் தரும். அதன் உள்ளே இருப்பது தெர்மோகோல் வகையைச் சேர்ந்த இறுகிய நுரை. அடி விழும்போது தான் நசுங்கித் தலைக்கு வரும் அதிர்ச்சியைக் குறைப்பதே அதன் வேலை. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மறுமுறை காக்காது. பத்தாண்டு பழைய கவசத்தைக் கழித்துவிட வேண்டும். புதிதில் ஐரோப்பியத் தரமான இஎன் 1077 அல்லது அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்2040 முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். இருசக்கர வாகனத் தலைக்கவசம் இதற்கு மாற்றாகாது.

ஸ்னோபோர்டில் மணிக்கட்டு முறிவு மிகவும் பரவலான காயம். இரு கால்களும் பலகையில் கட்டுண்டிருப்பதால் விழும்போது ஒரு காலை எடுத்துவைத்துச் சமாளிக்க முடியாது. கை தானாகவே முன்னே ஊன்றும். மணிக்கட்டுக் காப்பு அணிவது இம்முறிவின் வாய்ப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கும் வயதில் திரும்புவோர்க்கு இது அவசியம். விலை குறைந்ததும் பயன் மிகுந்ததுமான கருவி இதுவே.

உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் புறஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 விழுக்காடு மிகும். புதுப்பனி அக்கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி வீசும். எனவே மேகமூட்டமான நாளிலும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி தேவை. பழைய கண்ணாடியின் ஓர நுரை பொடிந்திருந்தால் அது முகத்தில் பொருந்தாது. காற்றும் பனித்தூளும் உள்ளே புகும்.

உடை

உடை மூன்று அடுக்காக அமைய வேண்டும். உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் வெப்பம் காக்கும் அடுக்கு, வெளியே நீரும் காற்றும் புகாத மேலுடை. பருத்தி நம் ஊர் வெயிலுக்கு உகந்தது. பனியில் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிரவைக்கும். பழைய மேலுடையின் உட்பூச்சு செதில்செதிலாக உரிந்தால் அது இனி நீரைத் தடுக்காது. துணியின் மேற்புறத்தில் மட்டும் நீர் உருளாமல் ஊறினால், அதற்கென விற்கும் நீர்விலக்குத் திரவத்தால் துவைத்துச் சரிசெய்யலாம்.

குல்மார்க் செல்வோர் கவனிக்க வேண்டியவை

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள கயிற்றுத்தட ஊர்தியான கோண்டோலாவின் முதல் கட்டம் 1998இல் தொடங்கப்பட்டது. அது ஏறத்தாழ 3,080 மீட்டர் உயரமுள்ள கொங்தூரிக்குச் செல்லும். 2005இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரை செல்லும். சமவெளியிலிருந்து வருபவர் வந்த அன்றே மேலே ஏறாமல் ஒரு நாளேனும் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் கட்டத்தின் உச்சியிலிருந்து இறங்கும் சரிவுகள் பெரும்பாலும் இயந்திரத்தால் சீர்செய்யப்படாத இயற்கைப் பனி. பனிச்சரிவு அபாயம் அங்கு உண்மையானது. 2010 பிப்ரவரியில் கிலன்மார்க்கில் பயிற்சியிலிருந்த 17 இராணுவ வீரர்கள் பனிச்சரிவில் உயிரிழந்தனர். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர்.

சீர்செய்த தடத்தை விட்டு வெளியே செல்பவர் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, நீண்ட குத்துக்கோல், சிறு மண்வெட்டி ஆகிய மூன்றையும் வைத்திருக்க வேண்டும். சமிக்ஞைக் கருவி 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கி, பனிக்குள் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும். முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அதன்பின் அந்த வாய்ப்பு மிக வேகமாகக் குறைகிறது. எனவே வெளியிலிருந்து வரும் மீட்புக் குழுவைவிட உடன் வந்த தோழரே உயிர் காப்பவர். ஒருவரிடம் மட்டும் கருவி இருந்து பயனில்லை.

பழைய சமிக்ஞைக் கருவிகளில் ஓரிரு உணர்கம்பிகளே இருந்தன. இன்றைய கருவிகளில் மூன்று உள்ளதால் திசையை விரைவாகக் காட்டுகின்றன. பல ஆண்டுகள் மின்கலத்தோடு கிடந்த கருவியில் கசிவு ஏற்பட்டு உட்பாகங்கள் அரித்திருக்கலாம். இவ்விடத்தில் பழையதை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது. கருவி இருந்தும் பயிற்சி இல்லாதவர், அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையை அறியாதவர், உள்ளூர் வழிகாட்டி இல்லாதவர் ஆகியோர் சீர்செய்த தடத்திலேயே நிற்பது நல்லது.

வாங்கும் வரிசை

ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் பனிக்குச் செல்பவர் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. உடலைத் தொடும் பொருள்களைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, பலகையையும் பிணைப்பியையும் வாடகைக்கு எடுப்பதே பொருத்தமானது. வாடகைக்கு எடுக்கும்போது ஒரு நாள் கேம்பர், மறுநாள் கலப்பு வகை என மாற்றிப் பார்க்கலாம். எது தனக்கு உகந்தது என்பது தெரிந்தபின் வாங்கினால் பணம் வீணாகாது.

பணத்தைப் பின்வரும் வரிசையில் செலவிடலாம்:

1. காலணி
2. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும்
3. கண்ணாடி, உள்ளாடை, நீர்புகா மேலுடை
4. பிணைப்பி
5. பலகை

தடத்துக்கு வெளியே செல்லும் எண்ணம் உடையவர்க்கு மேற்கண்ட மூன்று பனிச்சரிவுக் கருவிகளும் அவற்றுக்கான பயிற்சியும் இந்த வரிசைக்கு முன்னால் வர வேண்டும்.

முதல் நாள்

மலைக்குப் புறப்படும் முன்பே வீட்டில் காலணியை அணிந்து பலகையில் பூட்டிக் கழற்றிப் பழக வேண்டும். இடக்கால் முன்னே வைப்பவரா, வலக்கால் முன்னே வைப்பவரா என்பதை உடல் பெரும்பாலும் மறப்பதில்லை. ஆனால் பாதங்களின் கோணத்தைப் புதிதாக அமைக்க வேண்டும். 1990களில் இரு பாதங்களையும் முன்நோக்கித் திருப்பி வைத்தவர் பலர். இன்று முன்பாதம் முன்நோக்கி 15 பாகையும் பின்பாதம் பின்நோக்கி 6 முதல் 15 பாகையும் திரும்பியிருப்பது பரவலான அமைப்பு. முழங்கால் இயல்பான போக்கில் மடங்குகிறதா என்று பார்த்து இதைக் கூட்டிக் குறைக்கலாம்.

முதல் இறக்கத்தைத் தொடக்கநிலைச் சரிவிலேயே தொடங்க வேண்டும். இரண்டு முறை இறங்கியதும் நின்று பிணைப்பியின் திருகாணிகளை மீண்டும் முடுக்க வேண்டும்; புதிதாகப் பூட்டியவை அதிர்வில் தளர்வது இயல்பு. நண்பகலுக்குப் பின் தொடை தளரும்போது விழுதலும் காயமும் மிகும். முதல் நாளை அரை நாளோடு நிறுத்திக்கொள்பவர் மறுநாளும் பலகையில் ஏறும் நிலையில் இருப்பார்.